காடாகிக் கிடக்கும் தோட்டப் பாத்தி கிடைத்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

பச்சைமிளகாய்:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்த் தேசியப் பூங்காக் கழகத்தின் குலுக்கலில் ஒருவழியாகப் பெயர் விழுந்து, புங்கோல் பூங்காவில் ஒரு பாத்தி கிடைத்திருக்கிறது. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், உயர்த்திக் கட்டியது, மூன்றாண்டுக் குத்தகை. சந்தோஷமாகத்தான் போய்ப் பார்த்தோம். முன்பு வைத்திருந்தவர் விட்டுப் போய் ரொம்ப நாளாகியிருக்கும் போல. முழங்கால் உயரத்துக்குப் புல். நடுவில் காய்ந்துபோன கத்திரிச் செடி ஒன்று நிற்கிறது. ஓரத்தில் இதய வடிவ இலையோடு ஏதோ ஒரு கொடி, பக்கத்துப் பாத்தி வரைக்கும் கை நீட்டியிருக்கிறது. மண் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கிக் கிடக்கிறது.

நான் வேலைக்குப் போகிறவள். சனி, ஞாயிறு காலைதான் நேரம். வார நாளில் ஒரு மாலை கிடைத்தால் உண்டு. மாமியார் கூட வருவார். ஊரில் தோட்டம் வைத்திருந்தவர், ஆர்வம் அதிகம், ஆனால் சர்க்கரை நோய் இருக்கிறது.

இப்போது வீட்டில் மூன்று கட்சி. "மண்ணை முழுசாக அள்ளிப் போட்டுவிட்டுப் புது மண் கொட்டு" என்கிறார் கணவர். "கொத்திப் புரட்டி ஒரு மாசம் வெயிலில் காயப்போடு" என்கிறார் மாமியார். யூடியூப்பில் எல்லாரும் காகித அட்டை போட்டு மூடு என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

ஈசூன் அங்கிள்:

உங்கள் வீட்டுக்காரர் பேச்சைக் கேளுங்கள். இத்துனூண்டு பாத்திக்கு எதற்கு ஆராய்ச்சி? நர்சரியில் மண் மூட்டை வாங்கிக் கொட்டினால் ஒரே சனிக்கிழமையில் வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன், அடுத்த மாதமே கீரை சாப்பிட்டோம்.

மண்புழு:

அங்கிள், கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2.5 சதுர மீட்டர் பாத்தியில் 20 செ.மீ. ஆழத்துக்கு மண் மாற்ற வேண்டுமென்றால் 500 லிட்டர் மண் வேண்டும். 25 லிட்டர் மூட்டையாக வாங்கினால் 20 மூட்டை. கார் நிறுத்துமிடத்திலிருந்து பாத்தி வரை யார் தூக்குவது? அள்ளிய 500 லிட்டர் பழைய மண்ணை எங்கே கொட்டுவது? பூங்காவின் புதருக்குள் கொட்ட முடியாது. அதற்குப் பதில் நல்ல மக்கிய உரம் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் 125 லிட்டர், அதாவது ஐந்தே மூட்டையில் முடிகிறது.

மண் ஒரு சாண் இறங்கியிருப்பது அது கெட்டுப்போனதற்கான அடையாளம் இல்லை. தொட்டி மண்ணில் தேங்காய் நார்த்தூளும் மக்குரமும்தான் அதிகம். சிங்கப்பூர் வெக்கையில் அவை சீக்கிரம் மக்கிக் காணாமல் போகும், மண் தணியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே உரம் போட்டு ஏற்றிக்கொண்டே இருப்பதுதான் இங்கே தோட்டம் செய்வதே.

பச்சைமிளகாய், உங்கள் மாமியார் சொல்வது ஊருக்குச் சரி. சித்திரை வெயிலில் கோடை உழவு போட்டுக் காயவிட்டால் அங்கே களை சாகும். இங்கே வருடத்துக்கு 2,000 மி.மீட்டருக்கு மேல் மழை. ஒரு மாதம் விடாமல் காயும் மண் எங்கே இருக்கிறது? நீங்கள் கொத்திப் போட்ட மூன்றாம் நாள் ஒரு மழை வரும். புதைந்து கிடந்த களை விதைகளை எல்லாம் மேலே கொண்டுவந்து, வெளிச்சம் காட்டி, தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டே வாரத்தில் பச்சைக் கம்பளம்.

ஆகவே முதல் விதி: மூட முடிந்த அளவு மட்டும் சுத்தம் செய்யுங்கள். இந்தச் சனிக்கிழமை கையில் இருக்கும் உரமும் நாற்றும் அரைப் பாத்திக்குத்தான் போதும் என்றால் அரைப் பாத்தியை மட்டும் பிடுங்குங்கள். மீதிக்காட்டை நுனியில் வெட்டி, பூ எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். திறந்த மண்ணை இங்கே ஒரு வாரம்கூட விட்டுவைக்கக் கூடாது.

அதற்கும் முன்னால், என்ன களை என்று பாருங்கள். புல்லில் ஒன்றைப் பிடுங்கி, தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். உருண்டையாக உருள்கிறதா, மூன்று மூலை தட்டுகிறதா?

வாழைமட்டை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாவற்றையும் பிடுங்கி எறியாதீர்கள்! கைவிட்ட பாத்தியில் பாதி சாப்பாட்டுச் சாமான்தான். பருப்புக்கீரை, பொன்னாங்கண்ணி, குப்பைக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் இங்கே தானாக வருகிறது. தேக்கா சந்தையில் காசு கொடுத்து வாங்குவதை இங்கே களை என்கிறோம்.

மண்புழு:

வாழைமட்டை, பொன்னாங்கண்ணிக்கு நானும் அடிமைதான். ஆனால் முன்பு இருந்தவர் அதில் என்ன தெளித்தார் என்று யாருக்குத் தெரியும்? பழைய செடியைச் சாப்பிட வேண்டாம். நுனியைக் கிள்ளி, புது உரத்தில் நட்டு, புதிதாகத் துளிர்ப்பதைச் சாப்பிடலாம். நத்தை ஊரும் இடத்துக் கீரையை எப்போதுமே வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சையாகக் கூடாது. இங்கே ஆப்பிரிக்கப் பெருநத்தை நிறைய. எலியிடமிருந்து நத்தைக்கும், அதனிடமிருந்து மனிதனுக்கும் வரக்கூடிய ஒரு புழு மூளைவரை போய் வீக்கம் கொடுக்கும். நத்தையை வெறுங்கையால் எடுப்பதும் வேண்டாம்.

தாதி_தோட்டக்காரி:

வெறுங்கை என்றதும் ஞாபகம் வந்தது. பச்சைமிளகாய், மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் தாதியாக வேலை செய்கிறேன். தயவுசெய்து இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

மெலியோய்டோசிஸ் என்று ஒரு தொற்று இருக்கிறது. அதன் கிருமி இந்தப் பகுதியின் மண்ணிலும் சேற்று நீரிலும் இயல்பாகவே வாழ்கிறது. சிங்கப்பூரிலும் ஆண்டுதோறும் சிலருக்கு வருகிறது. கையில் காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகப் போகும், பெருமழைக் காற்றில் மூச்சு வழியாகவும் போகும். நல்ல உடம்புக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும்தான் ஆபத்து. நிமோனியாவாகவோ ரத்தத்தில் நச்சாகவோ போய்விடும்.

தோட்டத்துக்கே வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ரப்பர் கையுறை, மூடிய காலணி, புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி, வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கைகால் கழுவல். கனமழை பெய்துகொண்டிருக்கும்போதோ ஓய்ந்த உடனேயோ அவர் மண்ணைக் கிளற வேண்டாம். செருப்போடு, வெறுங்கையோடு கொத்துவதுதான் நம் ஆட்களின் பழக்கம். அதை மாற்றுவது கஷ்டம், ஆனால் மாற்றியே ஆக வேண்டும். அதோடு, தோட்டவேலை செய்த பிறகு காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் "மண்ணில் வேலை செய்தேன்" என்று சொல்லச் சொல்லுங்கள்.

பச்சைமிளகாய்:

ரொம்ப நன்றி அக்கா. அத்தையிடம் காட்டினேன். "எங்க ஊர்ல பாம்புக்கே செருப்பு போட்டதில்ல" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அவரே முஸ்தபா கடைப் பக்கம் போய் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்துவிட்டார். பூப்போட்ட பூட்ஸ்.

மண்புழு, உருட்டிப் பார்த்தேன். மூன்று மூலை! இழுத்தால் அப்படியே வருகிறது, ஆனால் அடியில் ஒரு வெள்ளைக் கம்பி போல அறுந்து நின்றுவிடுகிறது. கொடியையும் உங்களுக்காகக் கவனித்தேன்: தண்டு மண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டிருக்கிறது.

மண்புழு:

கொடி மைக்கேனியா. நிமிஷத்துக்கு ஒரு மைல் ஓடும் என்று இந்த ஊரில் கிண்டலாகச் சொல்வது அதைத்தான். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, வேர் மேலாகத்தான் இருக்கும். கணுத் துண்டு ஒன்றைக்கூட மண்ணில் விடாமல் மூட்டை கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். அறுத்துப் போட்ட துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாகும்.

புல்தான் உண்மையான வேலை. அது கோரை. நம் பாட்டிமார் குளியல் பொடியில் போடுவார்களே, அந்தக் கோரைக்கிழங்கின் தாய். வாசனைக்கு நல்லது, பாத்திக்கு எமன். அறுந்தது என்றீர்களே ஒரு வெள்ளைக் கம்பி, அதன் முனையில் மொச்சைக்கொட்டை அளவில் கறுப்பாக ஒரு கிழங்கு மண்ணிலேயே நின்றுவிட்டது. அதற்கு அடுத்து இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று, மாலை கோத்த மாதிரி. மேலே உள்ள இலையைப் பிடுங்கினால் அதுவரை தூங்கிய கிழங்குகள் முளைக்கின்றன. அதனால்தான் கோரையைக் கையால் இழுக்க இழுக்க அதிகமாகிறது என்று எல்லாரும் புலம்புவது.

அட்டை போடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாக் களைக்கும் அட்டை அருமை. ஒட்டுத்தாளை உரித்துவிட்டு, நனைத்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி விரித்து, மேலே உரம். கோரை மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு வரும். முளை ஊசி மாதிரி கூர்மையானது, மெல்லிய பிளாஸ்டிக்கையே துளைக்கும்.

உங்களுக்கு ஒரு நல்ல காலம், இது சின்னப் பாத்தி. அரை ஏக்கர் வைத்திருப்பவன் கனவுகூடக் காண முடியாததை நீங்கள் செய்யலாம்: மண்ணைச் சலிக்கலாம். கிழங்குகளில் பெரும்பாலானவை மேல் 15 செ.மீட்டருக்குள்தான் இருக்கும். மண் ஈரம் குறைந்து, பொலபொலவென்று இருக்கும் நாளாகப் பாருங்கள். மண்வெட்டி வேண்டாம், கிழங்கை இரண்டாக வெட்டிவிடும். முள்கரண்டி மாதிரி இருக்குமே தோட்டக் கவை, அதை ஆழமாகக் குத்தி நெம்பித் தூக்குங்கள். கையால் உதிர்த்து, அகலக்கண் சல்லடையில் போட்டு ஆட்டுங்கள். கண்ணி ஒரு செ.மீட்டருக்குக் குறைவாக இருந்தால் போதும், மண் விழுந்துவிடும், கிழங்கும் வெள்ளை வேரும் மேலே நிற்கும். ஒரு காலையில் பாத்தியின் கால்பங்கு முடிந்தால் பெரிது. முடித்த பங்கை அன்றே உரம் போட்டு, நட்டு, மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

சலித்த பிறகும் சில கிழங்கு தப்பும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முளையை வேரோடு நெம்பி எடுத்துக்கொண்டே இருந்தால், கிழங்கில் இருக்கும் சேமிப்பு தீர்ந்து செத்துப் போகும். இடைவெளி விட்டால் அது மறுபடி கிழங்கு வைத்துவிடும். இன்னொரு பலவீனமும் அதற்கு உண்டு, நிழல் ஆகாது. மேலே அடர்த்தியாக வேறு இலை மூடிவிட்டால் நோஞ்சானாகிவிடும்.

கோலக்காரி:

களைக்கொல்லி அடித்தால் முடிந்துவிடாதா? சும்மா கேட்கிறேன்.

மண்புழு:

பக்கத்துப் பாத்தி ஒரு அடி தள்ளி இருக்கிறது. காற்றில் அவர் மிளகாய்க்கும் போகும். குழந்தைகள் நடமாடும் பூங்கா வேறு. உங்கள் தோட்டத்து விதிமுறையைப் பாருங்கள், அதில் அனுமதி இருந்தாலும் நான் அடிக்க மாட்டேன்.

ஈசூன் அங்கிள்:

கறுப்பு பிளாஸ்டிக் விரித்து ரெண்டு மாசம் விடலாமே. செலவும் இல்லை.

தாதி_தோட்டக்காரி:

அங்கிள், பிளாஸ்டிக்கின் மடிப்பில் மழைத்தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசு ஆவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரக்கடைசியில் மட்டும் வருகிறவர் பாத்தியில் அது டெங்கிப் பண்ணை. தேசியச் சுற்றுப்புற வாரியம் வந்து பார்த்தால் அபராதம் உங்களுக்கு. காலித் தொட்டி, பூவாளி, தொட்டிக்கடித் தட்டு, மூங்கில் குச்சியின் திறந்த வாய், இதையெல்லாம் கிளம்பும் முன் ஒரு சுற்று பார்த்துக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும்.

பச்சைமிளகாய்:

முதல் கால்பங்கு சலித்தாயிற்று! ஒரு பால்மாவு டின் நிறைய கிழங்கு. அத்தை அதைக் காயவைத்து அரைக்கலாமா என்கிறார். (வேண்டாம் என்றுவிட்டேன்.)

ஆனால் வேறொரு சந்தேகம். அந்தக் காய்ந்த கத்திரிச் செடியைப் பிடுங்கினோம். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக, இஞ்சி மாதிரி வீங்கியிருக்கிறது. "பயறு வேரில் இப்படித்தான் இருக்கும், மண்ணுக்கு நல்லது" என்கிறார் அத்தை.

மண்புழு:

பயறு வேரில் இருப்பது வேறு. அது வேரின் பக்கத்தில் மணி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அது நைட்ரஜன் சேர்க்கும் நல்ல முடிச்சு. கத்திரிக்கு அது வராது. உங்கள் கத்திரியில் வேரே வீங்கியிருக்கிறது, உதிர்க்க முடியாது. இது வேர்முடிச்சு நூற்புழு. செடி ஏன் பட்டுப்போனது, முன்னவர் ஏன் சலித்துப் போனார் என்பதற்கெல்லாம் இதுவே காரணமாக இருக்கலாம். தண்ணீர் ஊற்றினாலும் மதியம் வாடும், உரம் போட்டாலும் வெளிறும். இந்த ஊரின் பழைய பாத்திகளில் களையைவிட இதுதான் பெரிய தலைவலி, கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பேசுவதில்லை.

அந்த வேரை ஒரு துண்டு விடாமல் தோண்டி எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

ஈசூன் அங்கிள்:

பாருங்கள், கடைசியில் மண்ணை மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

மண்புழு:

இந்த இடத்தில் அங்கிள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 20 செ.மீ. மாற்றினாலும் அதற்குக் கீழே இருப்பது மேலே வரும். பக்கத்துப் பாத்தியின் மண் ஒட்டிய கவையிலும் வரும். ஒழிப்பது கஷ்டம், அடக்கி வைக்கலாம்.

என் யோசனை இது. முதல் வருடம் வெண்டை, கத்திரி, தக்காளி, பாகல், பயற்றங்காய் வேண்டாம். எல்லாம் நூற்புழுவுக்கு விருந்து. பாத்தியில் ஒரு பாதியில் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக, இடையில் வேறு செடி இல்லாமல் நடுங்கள். ஓரத்தில் அழகுக்கு நாலு செடி வைத்தால் பயனில்லை, அந்த மண் முழுக்க அதன் வேர் ஓட வேண்டும். இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். பிறகு அங்கேயே வெட்டி மண்ணோடு கலந்துவிடலாம். விதை நர்சரியில் கிடைக்கும். பூஜை மாலையில் உதிர்ந்ததைப் போட்டும் பார்க்கலாம், முளைப்பதும் உண்டு, கைவிடுவதும் உண்டு. சாமந்தி மூடிய நிழலில் கோரையும் திணறும்.

மறு பாதியில் கங்கோங் (வள்ளைக்கீரை), தண்டுக்கீரை. இந்தப் புழு வேருக்குள் போய் வளர்ந்து முட்டை வைக்க நம் சூட்டில் ஏறக்குறைய மூன்று வாரம். அதற்குள் கீரையை அறுக்காமல், வேரோடு பிடுங்கிவிட்டால் புழுவும் வேருக்குள்ளேயே வெளியே வந்துவிடும். வேரை வெட்டித் தனியாகக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கீரையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உரம் மேலே. மக்குரம் அதிகமாக அதிகமாக அந்தப் புழுவைத் தின்னும் உயிர்களும் மண்ணில் பெருகும்.

பச்சைமிளகாய்:

சரி, அப்படியே செய்கிறோம். வெண்டைக்காய் இல்லை என்றதும் கணவர் முகம்தான் தொங்கிப்போனது. கீரைக்கு, 2020-இல் வீட்டுக்கு இலவசமாக வந்ததே ஒரு விதைப் பொட்டலம், அது அலமாரியில் அப்படியே இருக்கிறது. போடலாமா?

வாழைமட்டை:

இந்த ஊர் ஈரத்தில் அலமாரியில் இத்தனை வருடம் இருந்த விதை முளைத்தால் அதிசயம். பத்து விதையை ஈரமான டிஷ்யூவில் சுற்றி டப்பாவில் வைத்துப் பாருங்கள், நாலைந்து நாளில் தெரிந்துவிடும். கங்கோங்குக்கு விதையே வேண்டாம். சந்தையில் வாங்கும் கட்டில் இலையைச் சமைத்துவிட்டு, கணுவோடு இருக்கும் அடித்தண்டைத் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர் விடும். ஆனால் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தாதி அக்கா என்னைத் திட்டுவார்.

கோலக்காரி:

சாமந்திக்கு இலைச்சருகு மூடாக்கு போடலாமா? பூங்காவில் மலைபோல் குவித்து வைத்திருக்கிறார்களே.

மண்புழு:

போடலாம், நல்லது. அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நாற்றின் தண்டை ஒட்டி மட்டும் போட வேண்டாம், நத்தை அதற்கடியில் குடியிருக்கும். இரவில் வந்து நாற்றை நுனியோடு வழித்துவிட்டுப் போகும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை கொட்டும்போது இன்னும் மெல்லிசாகப் போடுங்கள். அந்த மாதங்களில் உரச்சத்தும் மழையோடு கரைந்து போகும், அதனால் ஒரே தடவையாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

பச்சைமிளகாய்:

கடைசியாக ஒன்று. பக்கத்துப் பாத்திக்காரரின் பாஷன்பழக் கொடி எங்கள் பக்கம் பந்தல் மாதிரி சாய்ந்து நிற்கிறது. பாதி வெயில் அதிலேயே போய்விடுகிறது. ஆளை இதுவரை பார்த்ததே இல்லை. நாமே கொஞ்சம் நறுக்கிவிடலாமா?

ஈசூன் அங்கிள்:

கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்! சீட்டு எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் பாத்தியில் கட்டிவிட்டு வாங்க, நம்பரும் போடுங்கள். என் பக்கத்து ஆள் சீனப் பெரியவர், காலை ஏழு மணிக்கு முன்னால்தான் வருவார். ஒருநாள் சீக்கிரம் போய்ப் பாருங்கள். பழம் காய்த்திருந்தால் எப்படியும் உங்களுக்கு ரெண்டு கொடுப்பார்.

பச்சைமிளகாய்:

சனிக்கிழமை ஆறரைக்குப் போகிறோம். அத்தை முறுக்கு சுட்டு எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டார்.